மூன்று ரூபாவும் ஒரு டொபியும்



வியாபாரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வங்கி, வரி, டொலர் என்று பெரிய விஷயங்களுக்கே மனம் போகிறது. இந்த வாரம் மிகச் சிறிய விஷயம் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். கெஷியர் மேசைக்கு உள்ளே இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் இடையில் நாளாந்தம் நடக்கிற சில்லறைச் சண்டைதான் அது. 'இதையெல்லாமா பத்திரிகையில் எழுதுவது?' என்று நினைக்கும் வியாபார நண்பர்கள், தங்கள் கடையை விட்டுப் போன வாடிக்கையாளர்கள் ஏன் போனார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும். விலை கூடியதால் போனவர்களை விட, முகம் சுளித்ததால் போனவர்கள் அதிகமாக இருப்பார்கள் என்பது என் அனுபவம்.

எங்கள் வரக்காப்பொல கொழும்பு - கண்டி வீதியில் இருக்கிற ஊர். தலகுலியும் ஹலப்பையும் வாங்குவதற்காக வாகனங்கள் நிற்கும் இடம் என்று நாடறிந்த பெயர் இதற்கு உண்டு. ஆகவே எங்கள் கடைகளுக்கு இரண்டு விதமான சனம் வருகிறது. ஒன்று, வேனை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடத்தில் போக வேண்டிய தூரப் பயணிகள். மற்றது, சுற்றியுள்ள கிராமங்களிலும் இறப்பர் தோட்டங்களிலும் இருந்து பஸ்ஸில் வந்து, கையில் இருக்கிற காசை எண்ணி எண்ணிச் சாமான் வாங்குகிறவர்கள். முதலாமவருக்கு நேரம் பெரிது. இரண்டாமவருக்கு ஒவ்வொரு ரூபாவும் பெரிது.

சில மாதங்களுக்கு முன் என்னுடைய கடையிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தோட்டப் பக்கத்தைச் சேர்ந்த வயதான அம்மா ஒருவர் 297 ரூபாவுக்குச் சாமான் வாங்கிவிட்டு 300 ரூபா கொடுத்தார். மேசையில் இருந்த பொடியன் மிச்சக் காசுக்குப் பதிலாக ஒரு டொபியை எடுத்து வைத்தான். அந்த அம்மா அதைத் தொடவேயில்லை. "தம்பி, எனக்குச் சீனி வருத்தம். இத நான் திங்கவும் முடியாது, பஸ்காரன்கிட்ட குடுக்கவும் முடியாது" என்றார். பொடியன் சிரித்துக்கொண்டு, "மூணு ரூபாதானே அம்மா" என்றான். அவர் ஒன்றும் பேசவில்லை. டொபியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். பின்னால் நின்ற எனக்குத்தான் யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது.

அன்று இரவு கணக்குப் பார்க்க லாச்சியைத் திறந்தபோது ஒரு ரூபா, இரண்டு ரூபாக் குற்றிகள் நாற்பதுக்கு மேல் கிடந்தன. சில்லறை இல்லாமல் டொபி கொடுக்கப்படவில்லை. இருந்தும்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஏன் என்று கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்: "ராவைக்குக் கணக்குப் பார்க்கக்குள்ள காசு கொறஞ்சா எங்கட சம்பளத்துலதானே வெட்டுறீங்க. அதுக்குத்தான் கொஞ்சம் கூட வெச்சுக்கொள்றது."

எனக்குப் பதில் வரவில்லை. அவன் சொன்னது உண்மை. வெட்டுவது நான்தான்.

கடைச் சட்டம் போட்ட நாங்கள் எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. லாச்சியில் காசு குறைந்தால் கெஷியரின் பொறுப்பு, கூடினால் முதலாளியின் லாபம் என்பதுதான் நம்மில் பலர் எழுதாமல் வைத்திருக்கும் சட்டம். நாளொன்றுக்கு இருநூறு பேருக்குக் காசு எண்ணிக் கொடுக்கிற ஒருவன் இரண்டு மூன்று இடத்தில் பிசகுவது இயல்பு. அந்தப் பிசகைத் தன் சம்பளத்தில் இருந்து கட்ட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தால் அவன் என்ன செய்வான்? வாடிக்கையாளரின் ஒரு ரூபாவையும் இரண்டு ரூபாவையும் சேர்த்து, தனக்கு ஒரு பாதுகாப்பை ஏற்படுத்திக்கொள்வான். வாடிக்கையாளர் கெஷியரைத் திட்டுவார். கெஷியர் வாடிக்கையாளரைப் 'பிச்சக்கார ஆள்' என்று முணுமுணுப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் இந்தச் சண்டையை மூட்டிவிட்டவர் உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

கெஷியரை நம்பாத வழக்கம் நேற்று வந்ததல்ல. இன்று உலகமெங்கும் இருக்கிற காசுப் பதிவு இயந்திரம் பிறந்ததே அந்த அவநம்பிக்கையில்தான். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேடன் நகரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி என்பவர், தன் ஊழியர்கள் காசைச் சுருட்டுகிறார்கள் என்ற கவலையில் 1879 இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். அதற்கு அவர் வைத்த பெயரே 'கெடுக்க முடியாத கெஷியர்' என்ற கருத்துடையது. பின்னர் ஜோன் பேட்டர்சன் என்பவர் 1884 இல் அந்தத் தொழிலை வாங்கி, நெஷனல் கெஷ் ரெஜிஸ்டர் என்ற பெரிய கம்பனியாக வளர்த்தார். லாச்சி திறக்கும்போது 'டிங்' என்று அடிக்கிற மணியும் வாடிக்கையாளருக்காக வைத்ததல்ல. லாச்சி திறக்கிறது என்று முதலாளிக்குக் காது கொடுக்கத்தான். நூற்று நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. களவைப் பிடிக்க இயந்திரம் வந்துவிட்டது. பிசகைப் பொறுத்துக்கொள்ள இயந்திரம் வரவில்லை. அதை முதலாளிதான் செய்ய வேண்டும்.

இனி அந்த மூன்று ரூபாவின் கணக்கைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 150 பேரிடம் மூன்று ரூபா வீதம் நின்றால் 450 ரூபா. மாதத்தில் 26 நாள் கடை திறந்தால் 11,700 ரூபா. வருடத்தில் 140,400 ரூபா. ஒரு ஆளிடம் மூன்று ரூபா என்று சொல்லும்போது வெட்கமாக இருக்கும் தொகை, இப்படிப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது. இது யாருடைய காசு? டொபியை நாம் சும்மா கொடுக்கவில்லை, விற்கிறோம். வாங்குகிறவர் கேட்காத பொருளை, அவர் பொருந்திக்கொள்ளாமல், நாம் வைத்த விலைக்கு அவர் தலையில் கட்டுகிறோம். வியாபாரம் இரு தரப்பின் பொருத்தத்தோடு நடக்க வேண்டும் என்பது நம்முடைய மார்க்கத்தில் மதரஸாப் பிள்ளைக்கும் தெரிந்த அடிப்படை. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைப் பற்றி ஒரு சூராவே, ஸூரத்துல் முதஃப்பிஃபீன், இறங்கியிருக்கிறது. தனக்கு வரவேண்டியதை முழுதாக எடுத்து, கொடுக்க வேண்டியதில் குறைப்பவர்களைத்தான் அது கண்டிக்கிறது. தராசுக்கு மட்டும்தான் இது, லாச்சிக்கு இல்லை என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

"சில்லறை கிடைக்காவிட்டால் நாங்கள் என்ன செய்வது?" என்ற கேள்வி நியாயமானது. வங்கிக்குப் போனால் பல நாட்களில் கை விரிக்கிறார்கள். ஆனால் ஊருக்குள் சில்லறை இல்லாமல் இல்லை, அது வேறு இடத்தில் தேங்கிக் கிடக்கிறது. பள்ளிவாசல் உண்டியல் எண்ணும் நாளைத் தெரிந்து வைத்துக்கொண்டு, நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் அவர்களுக்கும் குற்றிகளைச் சுமக்கிற வேலை மிச்சம். பன்சலை உண்டியலும் கோயில் உண்டியலும் அப்படியே. மாலையில் ஓட்டம் முடிக்கிற பஸ் கொண்டக்டர்மார் தாளாக மாற்றிக்கொள்ள ஆள் தேடுவார்கள். வீட்டுப் பிள்ளைகளின் உண்டியலைக் கொண்டு வரச் சொல்லி, ஆயிரம் ரூபாச் சில்லறைக்கு ஆயிரம் ரூபாத் தாளும் ஒரு கொப்பியும் இனாமாகத் தருகிற கடைக்காரரை நான் அறிவேன். நல்ல யோசனை என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரு ஆலிமிடம் கேட்டபோது, சில்லறை மாற்றுவதற்கான பேச்சாக அந்தக் கொப்பியை முன்வைக்காமல் இருப்பதே பேணுதல் என்றார்.

ஒரு விஷயத்தை இங்கே வலியுறுத்திச் சொல்ல வேண்டும். சில இடங்களில் ஆயிரம் ரூபாத் தாள் கொடுத்தால் 950 ரூபாவுக்கோ 900 ரூபாவுக்கோ குற்றி தருகிற பழக்கம் இருக்கிறது. ஒரே நாட்டுக் காசைக் கூட்டிக் குறைத்து மாற்றுவது வட்டியின் வகையில் சேரும் என்பதே உலமாக்கள் பொதுவாகச் சொல்லும் தீர்ப்பு. வாடிக்கையாளரின் மூன்று ரூபாவைச் சரியாகக் கொடுக்கப் போய் இந்தக் குழிக்குள் விழுந்துவிடக் கூடாது. ஐயம் இருப்பவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சில்லறை தேடுவதை விடச் சுலபமான வழி, சில்லறை தேவைப்படாமல் விலை வைப்பது. 248 ரூபாவுக்கு விற்கிற பொருளை 245க்கோ 250க்கோ வைத்தால் என்ன? 99 என்று முடிகிற விலையைப் பார்த்து வாடிக்கையாளர் மயங்குவார் என்பது வெளிநாட்டுச் சரக்கு. எங்கள் ஊரில் அதைப் பார்த்தால் 'மிச்சம் ஒரு ரூபா தருவானா' என்றுதான் முதலில் நினைப்பார்கள். நிறுத்துக் கொடுக்கும் சாமானில்தான் பெரும்பாலும் 137, 263 என்று விழுகிறது. பருப்பு, சீனி, வெங்காயம் போன்றவற்றை நேரம் கிடைக்கும்போது கால் கிலோ, அரைக் கிலோவாகக் கட்டி, பத்தில் முடியும் விலை ஒட்டி வைத்தால் மேசையில் நெரிசலும் குறையும். ஆனால் கட்டி வைப்பதில் நிறை குறையக் கூடாது. நிறுத்துக் கொடுக்கும்போது தராசைச் சற்றுத் தாழ்த்திக் கொடுக்குமாறு ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொல்லியிருக்கும்போது, கட்டி வைத்த பையில் பத்துக் கிராம் குறைவதற்கு நமக்கு எந்தச் சமாதானமும் இல்லை.

மற்ற நாடுகள் இந்தச் சில்லறைத் தொல்லையைச் சட்டத்தாலேயே தீர்த்திருக்கின்றன. அவுஸ்திரேலியா 1992 இல் ஒரு சத, இரண்டு சதக் குற்றிகளைப் புழக்கத்தில் இருந்து எடுத்தது. நியூசிலாந்து 2006 இல் ஐந்து சதத்தை எடுத்தது. கனடா 2013 பெப்ரவரியில் ஒரு சதத்தை விநியோகிப்பதை நிறுத்தியது. அமெரிக்காவும் 2025 நவம்பரில் புழக்கத்துக்கான ஒரு சதக் குற்றி அச்சிடுவதை நிறுத்தியது. கனடாவில் வைத்த முறை நமக்குப் பாடம். ஒவ்வொரு பொருளின் விலையையும் உருட்டுவதில்லை, பில்லின் மொத்தத்தை மட்டுமே கிட்டிய ஐந்து சதத்துக்கு உருட்டுவார்கள். அதுவும் காசாகக் கொடுத்தால்தான், கார்ட்டில் கொடுத்தால் சரியான தொகை. இதனால் ஒரு நாள் வாடிக்கையாளருக்கு இரண்டு சதம் நட்டம், மறுநாள் கடைக்கு நட்டம். எங்கள் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லாதபடியால், மேலே உருட்ட நமக்கு உரிமையில்லை. கீழே உருட்ட யாரும் தடுக்கவில்லை. 297 என்றால் 295 எடுத்துவிட்டு ஐந்து ரூபாக் குற்றியைக் கொடுத்துவிடலாம். இரண்டு ரூபா நட்டம்தான். ஆனால் அந்த அம்மா டொபியை விட்டுவிட்டுப் போன நாளில் நான் இழந்தது இரண்டு ரூபா அல்ல.

இதற்கு நேர் எதிரான தொல்லை பெரிய தாள். 2011 இல் ஐயாயிரம் ரூபாத் தாள் வந்த நாளில் இருந்து, காலை ஏழு மணிக்கு வேனில் இருந்து இறங்கி ஒரு தண்ணீர்ப் போத்தலுக்கு அதை நீட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஏ.டி.எம். இயந்திரம் அதைத்தான் துப்புகிறது, அவர் என்ன செய்வார்? அவர் மேல் கோபித்துப் பயனில்லை. இரவில் லாச்சியைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போகிற முதலாளி காலையில் கெஷியருக்கு ஐநூறும் ஆயிரமும் நூறுமாக ஒரு தொகையை எண்ணிக் கொடுத்து, அதை ஒரு கொப்பியில் எழுதி இரண்டு பேரும் கையொப்பம் வைத்தால் காலைச் சண்டை பாதி தீரும். பெரும்பாலான கடைகளில் 'நேற்றுக் கிடந்தது கிடக்கட்டும்' என்பதுதான் காலைக் கணக்கு.

தாள் என்றதும் இன்னொன்று. மத்திய வங்கி தன்னுடைய 75 வருட நிறைவை ஒட்டி 2025 ஆகஸ்டில் இரண்டாயிரம் ரூபா ஞாபகார்த்தத் தாளை வெளியிட்டது. 'இது செல்லாது, இதை நாங்கள் கண்டதில்லை' என்று அதைத் திருப்பிக் கொடுத்த கெஷியர்மார் இருக்கிறார்கள். அது புழக்கத்துக்காக விட்ட செல்லுபடியான தாள். புதுத் தாள், புதுக் குற்றி வந்தால் ஒன்றை மேசைக்குப் பக்கத்தில் காட்டி, அடையாளங்களைச் சொல்லிக் கொடுப்பது முதலாளியின் வேலை. வாடிக்கையாளர் முன்னால் தாளை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதும் ஒரு கலை. எல்லோருடைய தாளையும் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. பழைய சட்டை போட்டவருடையதை மட்டும் பார்த்தால் வரும்.

'நான் ஆயிரம் தந்தேன்', 'இல்லை, ஐநூறுதான் தந்தீர்கள்' என்ற சண்டைதான் இருப்பதிலேயே கசப்பானது. ஒருவர் மற்றவரைக் கள்வர் என்று சொல்லாமல் சொல்கிற சண்டை அது. இதற்குப் பழைய வியாபாரிகள் வைத்திருந்த மருந்து மிக எளிது. வாங்கிய தாளை உடனே லாச்சிக்குள் போடக் கூடாது. மேசை மேல், பாரம் ஒன்றுக்குக் கீழே, இருவர் கண்ணுக்கும் தெரியும்படி வைத்து, 'ஆயிரம் தந்தீர்கள்' என்று வாயால் சொல்ல வேண்டும். மிச்சத்தைக் கழித்துச் சொல்லாமல் கூட்டிச் சொல்ல வேண்டும். பில் 340 என்றால், பத்து ரூபாவை வைத்து '350', ஐம்பதை வைத்து '400', நூறை வைத்து '500', ஐநூறை வைத்து 'ஆயிரம்'. வாடிக்கையாளரும் கூடவே எண்ணிக்கொள்வார். அவர் எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்த ஆயிரம் லாச்சிக்குள் போக வேண்டும். பில் ஆங்கிலத்தில் அச்சாகிறது. தோட்டத்து அம்மாவுக்கும் கிராமத்து ஆச்சிக்கும் அதை வாசிக்கத் தெரியாது. தொகையை அவரவர் மொழியில் வாயால் சொல்வதுதான் அவர்களுக்குப் பில்.

அதற்காகப் பில் கொடுக்காமல் இருக்கலாம் என்று அர்த்தமில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, வாங்குகிறவர் கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். விலைப் பட்டியலைக் கண்ணுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். பொருளில் குறித்த விலைக்கு மேல் விற்பது குற்றம். முறைப்பாட்டுக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் இப்போது எல்லோருக்கும் மனப்பாடம். அரசாங்கம் உச்ச விலை விதித்த பொருளைக் கூட்டி விற்றால், 2021 திருத்தத்துக்குப் பின் தனி வியாபாரிக்கே முதல் தடவை ஒரு இலட்சம் முதல் ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதம். மேசையில் நடக்கிற சண்டையில் கணிசமானவை, தட்டில் ஒரு விலையும் கொம்பியூட்டரில் இன்னொரு விலையும் இருப்பதால் வருகிறவை. பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்ட 2022 இல் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று நாங்கள் எல்லோரும் தடுமாறினோம், சனமும் பொறுத்துக்கொண்டது. இன்று அந்தச் சாட்டு எடுபடாது. தட்டில் குறைந்த விலை இருந்தால் அந்த விலைக்கே கொடுத்துவிட்டு, பிறகு சீட்டை மாற்றுங்கள். கெஷியருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்து வையுங்கள். 'முதலாளி வரும் வரை நில்லுங்கள்' என்று வரிசையை மறித்து வாடிக்கையாளரை நிற்க வைப்பது, அவரைச் சந்தேக நபராக நிற்க வைப்பது போன்றது.

புதிதாக வந்த சண்டை பேக் சண்டை. 2025 நவம்பர் முதலாம் திகதியில் இருந்து கைபிடி வைத்த பொலிதீன் ஷொப்பிங் பேக்கை இலவசமாகக் கொடுக்க முடியாது. விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், பில்லிலும் காட்ட வேண்டும். இது அதிகார சபையின் வர்த்தமானி உத்தரவு. ஆனால் வாடிக்கையாளர் திட்டுவது மேசையில் இருக்கிற பொடியனைத்தான். எல்லாம் அடித்து முடித்த பிறகு 'பேக் வேணுமா? காசு' என்றால் யாருக்கும் எரிச்சல் வரும். வாசலிலேயே மூன்று மொழியிலும் ஒரு பலகை வைத்து, அடிக்கத் தொடங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். காலியான பிஸ்கட் பெட்டிகளை மேசைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டால் அவர்களுக்கும் சந்தோஷம், பெட்டி கொளுத்துகிற வேலையும் மிச்சம்.

கார்ட் இயந்திரத்தில் நம்மவர்கள் செய்கிற ஒரு பிழையையும் சொல்லத்தான் வேண்டும். கார்ட்டில் கொடுத்தால் இரண்டரை வீதம், மூன்று வீதம் கூட எடுக்கிறோம். அப்படி வேறாகக் கட்டணம் அறவிடக் கூடாது என்று மத்திய வங்கி பகிரங்கமாகவே அறிவித்திருக்கிறது. வங்கியோடு நாம் செய்த ஒப்பந்தத்துக்கும் அது முரண். ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது நமக்கு வெறும் சட்டம் மட்டுமல்ல. கட்டுப்படியாகாவிட்டால் இயந்திரத்தை வைக்காமல் விடலாம். வைத்தால் அந்தச் செலவு கடையின் செலவு, லைட் பில் மாதிரி.

வாடிக்கையாளர் பக்கத்தில் குறையே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். காதில் போனை வைத்துக்கொண்டு, கெஷியரின் முகத்தையே பாராமல், கையில் கொடுக்காமல் மேசையில் காசை எறிகிறவர்கள் இருக்கிறார்கள். பில் முடிந்த பிறகு 'ஆ, தேயிலை மறந்துவிட்டேன்' என்று உள்ளே போய்ப் பத்து நிமிடம் கழித்து வருகிறவர்கள். கூடையை வரிசையில் வைத்துவிட்டு ஊர் சுற்றுகிறவர்கள். மேசையில் விலை பேசுகிறவர்கள். றமழானில் மஃரிபுக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, 'ஒரே ஒரு சாமான்தான் நானா' என்று முன்னால் நுழைகிறவர்கள். ஒரே ஒரு சாமான்காரர் ஐந்து பேர் வந்தால் பின்னால் நிற்கிற நோன்பாளியின் நிலை என்ன? விற்கும்போதும் வாங்கும்போதும் கடனைக் கேட்கும்போதும் பெருந்தன்மையாக நடக்கிறவருக்கு நபியவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள். அதில் வாங்குகிறவரும் சேர்ந்திருக்கிறார் என்பதை வாங்கும்போது நாம் மறந்துவிடுகிறோம்.

ஆனால் வரிசையை அதிகமாக முறிப்பது யார் தெரியுமா? முதலாளிதான். சொந்தக்காரரோ ஊர்ப் பெரியவரோ வந்தால் கெஷியரை எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து அவருக்கு முதலில் அடித்துக் கொடுத்து அனுப்புவார். வரிசையில் நிற்கிற சிங்கள வாடிக்கையாளரும் தோட்டத்து வாடிக்கையாளரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2019 இல் எங்கள் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிப் பிரசாரம் நடந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். கடை வெறிச்சோடிக் கிடந்த அந்த மாதங்களில் மெதுவாகத் திரும்பி வந்தவர்கள் ஏன் வந்தார்கள்? அரசியல்வாதி சொல்லியோ பத்திரிகை எழுதியோ அல்ல. 'அந்தக் கடையில் கணக்கு நேர்' என்ற ஒரு நினைவு இருந்தபடியால். நம்மைப் பற்றி அவர்கள் தங்கள் வீட்டில் பேசுகிற பேச்சு, மேசையில் நிற்கிற அந்த இரண்டு நிமிடத்தில் தயாராகிறது.

கெஷியர்மாரின் கால்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலை எட்டில் இருந்து இரவு எட்டு வரை நிற்கிற பிள்ளையிடம் சிரித்த முகத்தை எதிர்பார்ப்பது நியாயமா? கேரளாவில் 2018 இலும் தமிழ்நாட்டில் 2021 இலும், கடை ஊழியர்களுக்கு உட்கார ஆசனம் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தையே திருத்தினார்கள். துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்கள் போராடிப் பெற்ற உரிமை அது. ஒரு ஸ்டூலின் விலை என்ன? லுஹருக்கும் சாப்பாட்டுக்கும் மாற்று ஆள் வைக்காத கடையில், பசியோடு இருக்கிறவன்தான் மிச்சக் காசை எண்ணுகிறான்.

என் கடைக்கு வருகிறேன். அந்த இரவுக்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தேன். குறைந்த காசைச் சம்பளத்தில் வெட்டுவதை நிறுத்தினேன். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குறையலாம் என்று ஒரு எல்லை வைத்து, அதற்குள் குறைந்தால் கடைக் கணக்கு. எல்லையைத் தாண்டினால் இருவரும் உட்கார்ந்து பில்லைப் பார்ப்போம். ஒருவனே தொடர்ந்து தாண்டினால் அது வேறு விஷயம், அதைத் தனியே விசாரிக்க வேண்டும். குறைவு கூடிவிடும் என்று என் மகன் எச்சரித்தான். கூடவில்லை. கூடிய காசுதான் குறைந்தது, ஏனென்றால் யாரும் இப்போது பதுக்கி வைப்பதில்லை.

இரண்டாவது, இன்னும் கூடுகிற காசுக்கு ஒரு டின். அது கடையின் லாபமல்ல, யாரோ ஒரு வாடிக்கையாளரின் காசு. இமாம் அபூ ஹனீபா ரஹிமஹுல்லாஹ் துணி வியாபாரம் செய்தவர்கள். குறையுள்ள துணி ஒன்றை, குறையைச் சொல்ல மறந்து கூட்டாளி விற்றுவிட்டார் என்றும், வாங்கியவர் யாரென்று தெரியாதபடியால் அந்தப் பணத்தை இமாமவர்கள் ஸதகாச் செய்துவிட்டார்கள் என்றும் பயான்களில் நாம் கேட்டிருக்கிறோம். அதே முறைதான். எந்தத் திகதியில் எவ்வளவு கூடியது என்று சீட்டில் எழுதி டின்னில் போடுகிறோம். 'மிச்சக் காசு குறைந்திருந்தால் தயவுசெய்து கேளுங்கள்' என்று மேசைக்கு மேலே சிங்களத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம். கேட்டு வருகிறவருக்குத் திகதி பொருந்தினால் வாதாடாமல் கொடுப்பது, யாரும் வராவிட்டால் உரியவர் பேரில் ஸதகா.

முதல் மூன்று மாதத்தில் 612 ரூபா சேர்ந்தது. இரண்டு பேர் வந்து கேட்டார்கள். ஒருவர் பஸ் கொண்டக்டர், நூறு ரூபா. மற்றவர் ஹலப்பை வாங்கப் போன வழியில் என் கடையில் இறங்கிய கண்டிப் பயணி ஒருவர், ஐம்பது ரூபா. திரும்பி வரும் வழியில் அதற்காகவே வேனை நிறுத்தியிருக்கிறார். சீட்டைப் பார்த்துவிட்டு, காசையும் வாங்கிக்கொண்டு, நானூறு ரூபாவுக்குச் சாமானும் வாங்கிப் போனார். அந்தத் தோட்டத்து அம்மா மறுமாதம்தான் வந்தார். பொடியன் அவரைக் கண்டதும் எழுந்து, மூன்று ரூபாவை முதலில் எடுத்து வைத்தான். எதற்கென்று அவருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.